எலிக்காரி வீட்டு அடுப்புச் சுவர்

தாய்க்கோழி இல்லாத குஞ்சை நீங்கள் வளர்த்திருக்கிறீர்களா?

நான் வளர்த்ததில்லை. நாட்டின் வடக்கே எங்கள் கசாமா பக்கம் யாருமே வளர்த்ததில்லை. அங்கே கோழி அடை காக்கும், பொரிக்கும், குப்பையைக் கிளறி மேய்க்கும், பருந்து நிழல் விழுந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். மனிதனுக்கு உள்ள ஒரே வேலை, விருந்தாளி வந்தால் துரத்திப் பிடிப்பது. அதையும் எங்கள் வீட்டில் என் தங்கைதான் செய்வாள். எனக்கு ஓட்டம் வராது.

அப்படிப்பட்ட நான் நாட்டின் கிழக்கே சிப்பாட்டாவில், ஒற்றை அறையில் இருந்துகொண்டு, மழைக்காலத்தின் நடுவில், ஐம்பது குஞ்சுகள் வேண்டும் என்று கடையில் என் பேரைப் பதிந்துவிட்டு வந்தேன். காரணம் என் மனைவி கலுபா.

அவளும் எங்கள் மகள் மும்பாவும் கசாமாவில் அவள் அண்ணன் வீட்டில் இருந்தார்கள். நான் இங்கே சோளம் அரைக்கும் மில்லில் வேலை. இரண்டு ஊருக்கும் நடுவில் பாதி நாடு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போனில்தான் எங்கள் குடித்தனம்.

"எப்ப வர்றே?" என்று அன்றைக்கும் கேட்டேன்.

"எங்க வர? போன மழைக்கு வந்த மாதிரியா? ஒழுகுது ஒழுகுதுன்னு பாயை இழுத்து இழுத்து, அந்த ரூமுல பிள்ளை படுக்காத மூலை கிடையாது. அப்புறம் மாசம் பூரா இருமல்."

"இப்ப இருக்கிற ரூம் ஒழுகாது."

"கூரை ஒழுகலைன்னா போதுமா? மும்பா அப்பா, உன் கையில ஒரு தக்காளிச் செடி உயிரோட இருந்திருக்கா? சொல்லு பாப்போம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மில்லுக்குப் பக்கத்துத் தீவனக் கடைக் கரும்பலகையில் குஞ்சு கிடைக்கும் என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. "கோழி வளர்க்கப் போறேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "கோழியைக் கோழி வளர்க்கும். நீ என்ன பண்ணுவே? அடை காப்பியா?"

"இது தாயில்லாத குஞ்சு. லுசாக்காவுல மெஷின்ல பொரிச்சு, அட்டைப் பெட்டியில போட்டு பஸ்ஸுல அனுப்புவாங்க."

போனில் பின்னால் மும்பா ஏதோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"தாயில்லாத குஞ்சு" என்றாள் கலுபா. "சரி. இந்த மழையில அதுங்க முதுகுல சிறகு முளைக்கிற வரைக்கும் காப்பாத்து. பாதிக்கு மேல இருந்தா நானும் பிள்ளையும் பஸ் ஏறுறோம். பாதிக்குக் கீழ போச்சுன்னா பஸ் பேச்சை எடுக்காதே."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரலில் விளையாட்டு இல்லை.

*

பெட்டி வந்த அன்று மில்லில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வாங்கப் போனேன். பெட்டியின் பக்கமெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு அலகு. கடைக்காரப் பெண், "ஐம்பதுக்கு ரெண்டு கொசுறு உண்டு. வழியில செத்தாலும் கணக்கு சரியா இருக்கணும்ல" என்றாள். என் பெட்டியில் ஒன்றும் சாகவில்லை. ஐம்பத்திரண்டும் உயிரோடு இருந்தன.

"தீவனம் எத்தனை மூட்டை வேணும்?" என்றாள்.

"நான் மில்லுல வேலை பாக்குறேன். தவிடு சும்மாவே கிடைக்கும்."

"தவிட்டை நீங்க சாப்பிடுங்க. குஞ்சுக்கு இதைப் போடுங்க" என்று ஒரு மூட்டையைத் தள்ளினாள். "வேற ஒண்ணுமில்லை. வெதுவெதுன்னு வச்சுக்கோங்க, போதும்."

அந்த ஒரு சொல்லில்தான் தப்பு ஆரம்பித்தது. வெதுவெதுப்பு என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரே அர்த்தம். பிள்ளை பிறந்தால் கம்பளித் தொப்பி, கம்பளிக் காலுறை, அதற்கு மேல் போர்வை. மாமரம் வாடுகிற வெயிலிலும் பிள்ளையின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். மும்பாவை அப்படித்தான் வளர்த்தோம். ஆகவே நான் அறை மூலையில் அட்டையை வளைத்து வட்டமாக நிறுத்தி, மரத்தூள் பரப்பி, குஞ்சுகளை விட்டு, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, எல்லாவற்றுக்கும் மேலே என் தடித்த போர்வையை இறுக்கமாகப் போர்த்தினேன். ஜன்னல் இடுக்கில் பழைய சட்டையைத் திணித்தேன். சற்று நேரத்தில் சத்தம் அடங்கிவிட்டது. தூங்குகின்றன என்று நினைத்து எனக்கும் சந்தோஷம்.

தட்டாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு மதினி வந்தாள்.

மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி இல்லை. பக்கத்து அறைக்காரி. ங்கோனி இனத்துக்காரி. நான் பெம்பா. எங்கள் பாட்டன்மாரின் பாட்டன்மார் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்டவர்கள். அதனால் பேரப்பிள்ளைகள் நாங்கள் முறைக்காரர்கள் ஆனோம். பெம்பாவும் ங்கோனியும் எங்கே சந்தித்தாலும் கேலி பேசிக்கொள்ளலாம். சாவு வீட்டில்கூடப் பேசலாம். தட்டில் இருப்பதைப் பிடுங்கித் தின்னலாம், தலையில் இருக்கிற தொப்பியைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஒன்று மட்டும் கூடாது. கோபப்படக் கூடாது. பட்டவன் அபராதம் கட்ட வேண்டும்.

அவள் புருஷன் மலாவிக்கு லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இவள் முற்றத்தில் தகரக் கூரைக்கு அடியில் களிமண்ணும் செங்கல்லும் வைத்துக் கட்டிய அடுப்பில் பன் சுட்டு விற்கிறாள். எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் இந்த வாசலுக்குக் குடி வந்த அன்றே, "ஐயோ, நம்ம லைனுக்குக் குரங்கு தின்னி வந்துட்டான். மரத்துல இருக்கிறதெல்லாம் ஓடிப் போயிருங்க" என்றாள். நான் அவள் கூடையை எட்டிப் பார்த்து, "இது பன்னா, எலியா? ஒரே நிறமா இருக்கு" என்றேன். பெம்பா குரங்கு தின்பான், ங்கோனி எலி தின்பான் என்பது இரண்டு இனத்துக்கும் பழைய கேலி; எலியை நாங்கள் தொடவே மாட்டோம். அன்றிலிருந்து அவள் மதினி, நான் கொழுந்தன்.

மில்லில் என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாளியை நீட்டி "ஏய், இந்தா" என்பார்கள். சாயங்காலம் வாசலில் கால் வைத்ததும், "வந்துட்டான் குரங்கு" என்று ஒரு குரல் கேட்கும். அதற்கப்புறம்தான் எனக்கு நாள் விடிந்த மாதிரி இருக்கும்.

அந்த மதினிதான் இப்போது உள்ளே வந்து மூக்கைச் சுளித்தாள். "கொழுந்தனே, என்ன, குஞ்சை அவிக்கிறியா?" ஒரே இழுப்பில் போர்வையை உருவினாள்.

குஞ்சுகள் அட்டை ஓரமாகப் பல்பை விட்டு விலகிக் கிடந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கின. இறக்கைகள் தொங்கின.

"வெதுவெதுன்னு வைக்கச் சொன்னாங்க" என்றேன்.

"வெதுவெதுன்னா? இது வேகுது. மேல கொஞ்சம் உப்பு தூவிட்டா முடிஞ்சுது."

"நீ வளர்த்திருக்கியா?"

"இல்லை. தாயில்லாத குஞ்சை இன்னைக்குத்தான் பாக்குறேன். ஆனா பன்னு வேகுறது எனக்குத் தெரியும்." ஜன்னலில் இருந்த சட்டையைப் பிடுங்கி என் மேல் எறிந்தாள். "பிள்ளை மாதிரி போர்த்தி வச்சிருக்கான். தொப்பி தைக்கலையா?"

அன்று மூன்று செத்தன. அவள் கேலி நிற்கவில்லை. ஆனால் போகும்போது பல்பின் கம்பியை ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டுப் போனாள்.

அதன்பிறகு குஞ்சுகளே சொல்லிக்கொடுத்தன. சூடு கூடினால் ஓரத்துக்கு ஓடும். குறைந்தால் பல்புக்கு அடியில் குவிந்து கத்தும். சரியாக இருந்தால் களத்தில் சிந்தின சோளம் மாதிரி பரவலாகப் படுத்திருக்கும். மின்சாரம் போகிற சாயங்காலங்களில் ஜன்னலைத் திறந்து வைத்துக் கரி அடுப்பை மூட்டினேன். பகலில் போனால் தகரக் கூரை வெயிலில் காய்ந்து தானே சூடு கொடுத்தது. நான் தின்கிற நேரத்தைவிட அவை தின்கிறதைப் பார்க்கிற நேரம் அதிகம். மஞ்சள் நிறம் வெளுத்துக்கொண்டு வந்தது. இறக்கை நுனியில் குருத்து விட்டது. முதுகு மட்டும் இன்னும் வெறும் பஞ்சு.

மதினி தினமும் மாவுக் கையோடு எட்டிப் பார்ப்பாள். "கொசுறு ரெண்டும் எப்படி இருக்கு?"

"எது கொசுறுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எந்த ரெண்டு கொழுப்பா இருக்கோ அதுதான் கொசுறு. கொசுறு மதினிக்கு. அதான் முறை."

"எலிக்காரிக்கு எதுக்குக் கோழி?"

"எலிக்குத் துணைக்கு."

ஞாயிற்றுக்கிழமை கலுபா முதலில் எண்ணிக்கையைக் கேட்டாள். நாற்பத்தொன்பது என்றேன். "முதுகு?" என்றாள். இன்னும் இல்லை என்றேன். "ம்" என்றாள். அந்த "ம்" எனக்குப் பிடித்திருந்தது. பஸ் எந்த ஊரில் மாற வேண்டும் என்று அவளாகவே கேட்டாள்.

*

அடுத்து வந்த ஒரு நாள் காலையிலேயே வானம் கறுத்துக் கிடந்தது. மில் ஓடைக்கு அந்தப் பக்கம். டீசலில் ஓடுகிற மில். அதனால் ஊரில் மின்சாரம் போனால் எனக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் மழை கொட்டியது. தகரத்தில் விழுகிற மழைச் சத்தமும் மில் சத்தமும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவன் பேசினால் வாய் மட்டும் அசைந்தது. நான் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். மனசு முழுக்க அந்தப் பல்பில் இருந்தது.

வேலை முடிந்து வந்தால் ஓடையைக் காணோம். அந்த இடத்தில் ஒரு பழுப்பு ஆறு ஓடுகிறது. பாலத்தின் மேல் முழங்கால் தண்ணீர். சைக்கிள்காரர்கள் எல்லாம் கரையில் குந்தியிருந்தார்கள். எங்கள் லைனில் குடியிருக்கிற ஸகேயோவும் இருந்தான். சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன்.

"எங்கய்யா போறே? தண்ணி வடியட்டும்."

"குஞ்சு இருக்கு, ஸகேயோ. மின்சாரம் இருக்கா அந்தப் பக்கம்?"

"மின்சாரமா? அது மத்தியானமே போயிடுச்சு, மழைக்கு முன்னாடியே."

தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் நான்தான் முதலில் இறங்கினேன். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் வந்தார்கள். வாசலுக்கு வரும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. குளிரில் என் பல் அடித்துக்கொண்டது. முதுகில் சிறகு இல்லாத குஞ்சுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே ஓடினேன்.

கதவின் கம்பி அவிழ்ந்து கிடந்தது. உள்ளே இருட்டு. சத்தமே இல்லை. அட்டை வளையத்துக்குள் கையை விட்டுத் துழாவினேன். மரத்தூள், தீவனத் தட்டு. மூலையில் குளிர்ந்த ஏதோ தட்டுப்பட்டது. செத்த குஞ்சு. பக்கத்தில் இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று, மொத்தம் ஒன்பது. அப்புறம் ஒன்றுமில்லை. மிச்ச நாற்பது குஞ்சுகள் இருந்த இடம் காலி.

வெளியே வந்தேன். முற்றத்தில் தகரக் கூரைக்கு அடியில் மதினி பன் விற்றுக்கொண்டிருந்தாள். மழைக்கு ஒதுங்கின ஏழெட்டுப் பேர் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். ஸகேயோவும் அதற்குள் வந்து ஒரு பன்னைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"மதினி, என் குஞ்செல்லாம் எங்கே?"

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் மாவு. கண்ணில் அந்த வழக்கமான சிரிப்பு. "குஞ்சா? தின்னாச்சு கொழுந்தனே. எலி அளவுக்கு ருசி இல்லை. எலும்பை உனக்கு வச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். "நீ தின்னா வயிறு வலிக்கும், அது பெம்பா கோழி" என்று ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம் பஸ்ஸில் ஏறாத கலுபாவும், தகரத்தைத் தட்டிக்கொண்டிருக்கும் மும்பாவும்தான்.

"திருடி" என்றேன். "பூட்டாத வீட்டுல புகுந்து எடுக்கிற திருடி நீ. நான் போலீசுக்குப் போறேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. ஸகேயோ பன்னைக் கடித்த வாயோடு என்னைப் பார்த்தான். திருட்டு நடந்துவிட்டதே என்று யாரும் திகைக்கவில்லை. முறைக்காரியிடம் ஒருவன் நிஜமாகவே கோபப்பட்டு அவர்கள் பார்த்ததில்லை.

மதினி கையைத் துணியில் துடைத்தாள். நிதானமாகத் துடைத்தாள். "உள்ள வாங்க" என்றாள்.

வாங்க என்றாள்.

அடுப்புக்குப் பின்னால், களிமண் சுவரை ஒட்டி, இரண்டு துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டிகள் இருந்தன. உள்ளே கோணி. கோணியின் மேல் என் குஞ்சுகள், சிந்தின சோளம் மாதிரி பரவலாகப் படுத்திருந்தன. சுவரைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளையின் வயிறு மாதிரி இளம்சூடு.

"மழை பிடிச்சதுமே சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு" என்றாள். என்னைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துப் பேசினாள். "போய்ப் பார்த்தா எல்லாம் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்குதுங்க. குளிருக்கு. கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு சொல்வாங்க. குஞ்சு மிதிச்சுக் குஞ்சு சாகுது. அடியில இருந்ததெல்லாம் போச்சு. மிச்சத்தை மாராப்புல போட்டு எடுத்துட்டு வந்தேன். நாலு நடை. ஒரு அடுப்பு பன்னு கருகிப் போச்சு. பரவாயில்லை. மின்சாரம் வந்ததும் எடுத்துட்டுப் போங்க, ஐயா."

"மதினி..."

"யாவாரம் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

இந்த ஊரில் என்னை ஐயா என்று யாரும் கூப்பிட்டதில்லை. குரங்கு தின்னி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு என்னவோ அந்த வாசலிலிருந்தே என் பாயையும் மூட்டையையும் எடுத்து வெளியே வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

*

ஈரத் துணியோடு அறையில் உட்கார்ந்து கலுபாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணிக்கையை முதலில் சொன்னேன். ஒன்பது செத்துவிட்டன, மிச்சம் நாற்பது. பாதிக்கு மேல்தான் என்றேன்.

அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "என்னன்னு சொன்னே அவளை?"

"பயத்துல..."

"திருடின்னா? நாலு பேர் முன்னாடியா? மதினியையா?"

"ஆமா."

"நான் அங்க வந்தா பக்கத்து வீட்டுல உப்பு யார்கிட்ட கேப்பேன்? பிள்ளைக்குக் காய்ச்சல்னா, நீ ஓடைக்கு அந்தப் பக்கம் மில்லுல இருந்தா, எந்தச் சுவரைத் தட்டுவேன்? நாற்பது குஞ்சு இருக்காம். குஞ்சைக் காப்பாத்தினது நீயா அவளா?"

"அவதான்."

"மும்பா அப்பா, போய் அபராதம் கட்டு. கட்டாம என்கிட்ட பஸ் பேச்சுப் பேசாதே."

"என்ன கட்டுறது? மன்னிப்புக் கேட்டா அவ என்னை இன்னும் பெரிய ஐயா ஆக்கிடுவா."

"மன்னிப்பு அந்நியனுக்கு. இத்தனை நாள் எதைச் சொல்லி அவளைக் கேலி பண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

ஸகேயோ வீட்டுக் கதவைத் தட்டினேன். "எலி இருக்கா?"

"என்னது?"

"எலி. காஞ்சது. உன் பெண்டாட்டி வெயில் காலத்துல சேர்த்து வைப்பாளே."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு உள்ளே திரும்பி, "இங்க வா, இங்க வா, உலகம் அழியப் போகுது" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டான். அடுப்புப் புகையில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குச்சியை எடுத்து வந்தாள். பிளந்த மூங்கிலுக்கு நடுவில் வரிசையாக எலிகள். அவித்து, உப்பிட்டு, காய வைத்தவை. ரோமத்தோடு, பல்லோடு, வாலோடு. ஸகேயோ எனக்கு முன்னால் ஓடிவிட்டான். நான் போய்ச் சேர்வதற்குள் லைனில் இருந்த ஆட்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

மதினி மறுநாளைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"மதினி, அபராதம் கட்ட வந்திருக்கேன்."

அவள் மாவை மடித்துக் குத்தினாள்.

குச்சியிலிருந்து ஒன்றை உருவினேன். சின்னதாகப் பார்த்துத்தான் உருவினேன். ரோமம் பிரஷ் மாதிரி விறைப்பாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தலையிலிருந்து கடித்தேன். புகை வாசனை, உப்பு, நறநறவென்று எலும்பு. உண்மையைச் சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து வருகிற காய்ந்த சின்ன மீனுக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. ஆனாலும் விழுங்குவதற்குள் என் முன்னோர் எல்லோரும் வரிசையாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மென்றேன். மென்று முடித்துக் கையில் மிஞ்சிய வாலைப் பெட்டியின் ஓரத்தில் வைத்தேன்.

மதினியின் கை நின்றது.

"அந்த வாலை யாருக்கு வச்சிருக்கே?"

"எனக்குப் போதும் மதினி."

"அபராதத்துல பாக்கி வைக்கக் கூடாது. வாலுதான் ருசி, கொழுந்தனே."

வாலையும் தின்றேன்.

ஸகேயோவின் பெண்டாட்டி தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஸகேயோ, "கசாமாவுக்குச் சொல்லி அனுப்புங்கப்பா, உங்க ஆள் எங்க ஆளாயிட்டான்" என்றான். மதினி சிரிக்கவில்லை. வாயை முழங்கையால் துடைப்பது மாதிரி மறைத்துக்கொண்டாள். அப்புறம் தோள் குலுங்கியது.

"இந்தக் குரங்கு நம்ம எலியை எல்லாம் தின்னு தீர்த்துடும்" என்றாள். "மீதிக் குச்சியை இப்படிக் கொடு."

கொடுத்தேன். ஒன்றை உருவி அவளும் கடித்தாள்.

"கொசுறு ரெண்டும் செத்துப் போச்சா, இருக்கா?" என்று கேட்டேன்.

"செத்ததெல்லாம் உன்னோடது. இருக்கிறதுல கொழுத்தது ரெண்டும் என்னோடது. உன் பெண்டாட்டி வந்து அதுல ஒண்ணை ஆக்கிப் போடட்டும். அவ கை ருசியா இருந்தா இந்த லைன்ல இருக்கலாம். இல்லைன்னா ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிடுவேன்."

"அவ வந்தா உன் வாய் அடங்கிடும். அவ என்னை மாதிரி இல்லை."

"பாக்கலாம். எத்தனை பெம்பாவைப் பார்த்திருக்கோம்."

மின்சாரம் வரவில்லை. தொட்டிகள் அடுப்புச் சுவரை ஒட்டியே இருக்கட்டும் என்று அவள் சொன்னாள். நானும் அங்கேயே பாயைப் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "போய் ஈரத்தை மாத்திட்டுப் படு. நீ இருமினா குஞ்சு முழிச்சுக்கும்" என்றாள். அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, தொட்டிகளின் மேல் ஒரு மெல்லிய துணியை, காற்றுப் போகிற மாதிரி ஓரம் தூக்கிப் போட்டாள்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. இன்னொரு குஞ்சு செத்திருந்தது. முப்பத்தொன்பது இருந்தன. அதில் ஒன்றின் முதுகில், இரண்டு இறக்கைக்கும் நடுவில், வெள்ளையாகச் சிறகு முளைத்திருந்தது. கலுபாவுக்குப் போன் செய்தேன். பஸ்ஸுல போட்டுக்க மும்பாவின் கம்பளித் தொப்பியைத் துவைத்துப் போட்டிருப்பதாகச் சொன்னாள்.